வரலாறு படித்தால் என்ன கிடைக்கும்?

புது தில்லி: தில்லிப் பல்கலைக்கழகத்தின் வடக்கு வளாகத்தை ஒட்டிய குன்றின் மீது, செந்நிற மணற்கல்லால் ஆன எண்கோணக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1857 கிளர்ச்சியை ஒடுக்கித் தில்லியை மீண்டும் கைப்பற்றிய படையினரின் நினைவாக 1863-இல் ஆங்கிலேயர் எழுப்பியது அது. கோபுரத்தைச் சுற்றிப் பதித்த பலகைகளில் போரிட்ட படைப்பிரிவுகளின் பெயர்களும், மாண்டவர், காயமுற்றவர் கணக்கும் உள்ளன. ஆங்கிலப் படை யாரை எதிர்த்துப் போரிட்டதோ அவர்கள் அதில் "எதிரி" என்று குறிக்கப்படுகின்றனர். நாடு விடுதலை பெற்று 25 ஆண்டுகள் நிறைந்த 1972-இல் இந்திய அரசு அதே கட்டடத்துக்கு "அஜீத்கட்" என்று புதுப்பெயர் சூட்டி, இன்னொரு பலகையையும் பதித்தது. பழைய பலகை "எதிரி" என்று கூறுவோர் அன்னிய ஆட்சியை எதிர்த்து வீரத்துடன் போரிட்ட தியாகிகள் என்று அந்தப் புதிய பலகை விளக்குகிறது.

ஒரே கல்லில் இரண்டு தீர்ப்புகள். சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு வியப்பு. அரசியல்வாதிக்கு ஒரு பேச்சுக்கான பொருள். வரலாறு பயிலும் மாணவனுக்கோ அங்குதான் வேலை தொடங்குகிறது. பழைய பலகையின் இழப்புக் கணக்கில் ஐரோப்பியர் என்று ஒரு பத்தியும், சுதேசிகள் என்று ஒரு பத்தியும் இருப்பதை அவன் கவனிக்கிறான். அப்படியானால் ஆங்கிலேயர் பக்கம் நின்று உயிர்விட்ட அந்தச் சுதேசிகள் யார்? எந்த ஊர்க்காரர்கள்? எதற்காகச் சேர்ந்தார்கள்? 1863-இன் பலகைக்கு அந்தக் கேள்வி தேவைப்படவில்லை. 1972-இன் பலகைக்கு அது சங்கடமானது. இரண்டுமே சொல்லாமல் விட்டதைத் தேடிப் போவதற்கு ஒரு பயிற்சி வேண்டும். பல்கலைக்கழகத்தில் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் வரலாறு படிப்பவனுக்குக் கிடைப்பது என்ன என்ற கேள்விக்கான விடை பெரும்பாலும் இந்தப் பயிற்சியில் அடங்கியிருக்கிறது.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளியானதும் வீடுகளில் கேட்கப்படுவது வேறு கேள்வி. வரலாறு படித்தால் என்ன வேலை கிடைக்கும்?

தேர்வும் பிழைப்பும்

தமிழகத்தில் பொறியியல் கல்லூரிகள் பெருகிய காலத்தில் கலைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள், வேறு இடம் கிடைக்காதவர்கள் சேரும் துறைகளாகச் சுருங்கிப் போயின. தலைநகரின் நிலை அப்படியன்று. தில்லியின் பெயர்பெற்ற கல்லூரிகளில் வரலாற்று ஆனர்ஸ் வகுப்பில் இடம் பெறுவது இன்றும் கடினமே. அதற்குக் காரணம் முழுக்க அறிவுத் தாகம் என்று சொல்வதற்கில்லை. குடிமைப் பணித் தேர்வுதான் பெரிய காரணம்.

மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இத்தேர்வில் 2013 முதல் ஒரே ஒரு விருப்பப் பாடம்தான். அதில் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். வரலாற்றை விருப்பப் பாடமாக எடுக்காதவரும் பொது அறிவு முதல் தாளில் இந்தியப் பண்பாடு, நவீன இந்திய வரலாறு, உலக வரலாறு ஆகியவற்றிலிருந்து தப்ப முடியாது. பிகாரிலிருந்தும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் தமிழகத்திலிருந்தும் வந்து முகர்ஜி நகரிலும் பழைய ராஜிந்தர் நகரிலும் ஒண்டுக் குடித்தனத்தில் தங்கிப் படிக்கும் இளைஞர்களின் மேசையில் வரலாற்று நூல்கள் அடுக்கிக் கிடப்பதற்கு இதுவே காரணம்.

பயிற்சி நிலையம் தரும் வரலாறு ஒன்று. வகுப்பறை தரும் வரலாறு வேறொன்று. முன்னது முடிந்த விடைகளைச் சுருக்கித் தருகிறது. பின்னது அந்த விடைகள் எப்படிக் கிடைத்தன என்று கேட்கிறது. ஆட்சிப் பணிக்குப் போகிறவருக்கு உண்மையில் உதவுவது பின்னதுதான். மாவட்ட ஆட்சியர் ஒருவரின் மேசைக்கு வரும் கோப்பில் வட்டாட்சியரின் அறிக்கை ஒன்று கூறும். காவல் துறையின் அறிக்கை வேறொன்று கூறும். ஊர் மக்களின் மனு இரண்டையும் மறுக்கும். யார் எழுதியது, எப்போது எழுதியது, எழுதியவருக்கு அதில் என்ன நலன் என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் சுருக்கக் குறிப்புகளால் வருவதில்லை.

குடிமைப் பணிக்கு வெளியே சட்டம், இதழியல், தொல்லியல் துறை, அருங்காட்சியகங்கள், ஆசிரியப் பணி என்று வழிகள் உண்டு. இவற்றுள் கல்லூரி ஆசிரியப் பணியின் நிலைமை வருந்தத்தக்கது. தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகளில் ஆயிரக்கணக்கானோர் தற்காலிக ஆசிரியர்களாகவே ஆண்டுக் கணக்கில் காத்திருந்தனர். நிரந்தர நியமனங்களுக்கான நேர்காணல்கள் 2022, 2023-இல் வேகம் பிடித்தபோது, நீண்ட காலம் பணியாற்றியவர்களில் பலர் வெளியேற நேர்ந்தது. வரலாற்றுப் படிப்பின் பயனைப் பேசுகிறவர்கள் இதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது.

தில்லி வகுப்பறையில் சோழர்

ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் வரலாற்று ஆய்வு மையத்துக்கும் தமிழகத்துக்கும் பழைய உறவு உண்டு. 1970-களின் தொடக்கத்தில் அம்மையத்தை உருவாக்கிய ரொமிலா தாப்பர், பிபன் சந்திரா, சதீஷ் சந்திரா ஆகியோருடன் இருந்த சர்வபள்ளி கோபால் சென்னையில் பிறந்தவர். குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணனின் மகன். நேருவின் வரலாற்றை மூன்று தொகுதிகளில் எழுதியவர். 2024-இல் மறைந்த ஆர். சம்பகலட்சுமி சென்னையிலிருந்து சென்று அங்கு நெடுங்காலம் தென்னிந்திய வரலாற்றைக் கற்பித்தவர்.

இந்திய வரலாறு என்றால் கங்கைச் சமவெளியின் வரலாறுதான் என்ற மனக்குறை தமிழர்களுக்கு உண்டு. பள்ளிப் பாடநூல்களைப் பொறுத்தவரை அது பெருமளவு நியாயமான குறையே. பல்கலைக்கழக அளவில் நிலைமை சற்று வேறு. இடைக்கால இந்திய அரசின் தன்மை என்ன என்ற விவாதத்தில் சோழ அரசு இன்றியமையாத இடம் பெற்றுவிட்டது. அந்த விவாதம் மாணவனுக்கு என்ன கற்றுத் தருகிறது என்று பார்ப்பது பயனுள்ளது.

சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரி 1930-களில் எழுதிய சோழர் வரலாறு, வலுவான மைய ஆட்சியையும் தேர்ந்த அலுவலர் அமைப்பையும் கொண்ட பேரரசாக அவர்களைக் காட்டியது. கீழே ஊர்ச்சபைகள் தன்னுரிமையுடன் இயங்க, மேலே பைசாந்தியப் பேரரசர்களை ஒத்த மகிமையுடன் மன்னர் வீற்றிருந்தார் என்பது அவர் தீட்டிய சித்திரம். அன்னிய ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு, நம்மிடமும் இத்தகைய நிர்வாகம் இருந்தது என்று கேட்க இனித்திருக்கும்.

1980-இல் அமெரிக்க வரலாற்றாளர் பர்ட்டன் ஸ்டெயின் இதை அடியோடு மறுத்தார். காவிரிப் படுகையின் நடுப்பகுதிக்கு வெளியே மன்னரின் நேரடி அதிகாரம் செல்லவே இல்லை. "நாடு" என்ற வேளாண் குழுக்களே தம்மைத் தாமே ஆண்டுகொண்டன. மன்னர் பெற்றிருந்தது சடங்கு சார்ந்த தலைமையே என்பது அவர் வாதம். ராஜராஜனின் பேரரசு கண்ணெதிரே கரைந்துபோனது போலத் தோன்றியது.

இங்குதான் மாணவனுக்கு உண்மையான பாடம். இருவரும் சான்றாகக் கொண்டவை அதே கோயில் கல்வெட்டுகள். அப்படியென்றால் கல்வெட்டை எப்படி வேண்டுமானாலும் வாசிக்கலாமா? முடியாது என்று காட்டியவர்கள் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் தமிழகத்தின் எ. சுப்பராயலுவும். கல்வெட்டுகளில் வரும் பெயர்களையும் பட்டங்களையும் அவர்கள் ஒன்றுவிடாமல் எண்ணினார்கள். தோரு மட்சுயியுடன் சேர்ந்து அவர்கள் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு 1978-இல் வெளிவந்தது. எந்த மன்னர் காலத்தில், எந்தப் பகுதியில், எந்தப் பட்டம் எத்தனை முறை வருகிறது என்று கணக்கிட்டபோது, முதலாம் ராஜராஜன் காலம் தொட்டு வரி நிர்வாகம் சார்ந்த அலுவலர்கள் பெருகியதும், நிலவுடைமையாளர்கள் "மூவேந்தவேளான்" போன்ற பட்டங்களைப் பெற்று அரசோடு பிணைந்ததும் தெரியவந்தன. ஸ்டெயினின் சித்திரம் அப்படியே நிற்க முடியவில்லை. ஆனால் நாடுகளின் முக்கியத்துவத்தைப் பற்றி அவர் எழுப்பிய கேள்வியை ஒதுக்கிவிட்டு, சாஸ்திரியின் சித்திரத்துக்குத் திரும்பவும் இயலாமற் போயிற்று.

தஞ்சைப் பெரிய கோயிலின் முன் நின்று பெருமிதம் கொள்வதற்கு இந்த விவாதம் தேவையில்லை. அந்தக் கோயிலைக் கட்டிய அரசுக்கு யார் வரி கொடுத்தார்கள், யார் வசூலித்தார்கள், மறுத்தவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்க விரும்புகிறவனுக்கு இது வேண்டும். தமிழ் படிக்கத் தெரியாத வட இந்திய மாணவன் ஒருவன் வளநாடு, பிரமதேயம், ஊர் என்ற சொற்களோடு தில்லியில் மல்லுக்கட்டுவது நமக்கு மகிழ்ச்சி தரலாம். அந்தக் கல்வெட்டுகளை மூலத்தில் வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் தமிழகத்திலேயே அருகிவருகின்றனர் என்பது அந்த மகிழ்ச்சியைக் குறைக்கும்.

சௌரி சௌராவின் சாட்சிகள்

நவீன இந்தியாவைப் பயிலும் மாணவனுக்கு அதே பயிற்சியை வேறு வகையில் தருவது சௌரி சௌரா. இன்றைய உத்தரப் பிரதேசத்தின் கோரக்பூர் மாவட்டத்தில் 1922 பிப்ரவரியில் விவசாயிகளின் கூட்டம் ஒன்று காவல் நிலையத்துக்குத் தீ வைத்தது. போலீசார் உயிரிழந்தனர். பிப்ரவரி 12-இல் காந்திஜியின் வற்புறுத்தலால் பர்தோலியில் ஒத்துழையாமை இயக்கம் நிறுத்தப்பட்டது. பள்ளிப் பாடநூலில் இது இரண்டு வரி.

அந்த இரண்டு வரியிலேயே எத்தனை முரண்கள்! நிகழ்ந்தது பிப்ரவரி 4 என்று சில நூல்கள் கூறும். 5 என்று வேறு சில கூறும். இறந்த போலீசார் 22 என்பாரும் உண்டு. 23 என்பாரும் உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஷாகித் அமீன் 1995-இல் வெளியிட்ட நூல், இந்த இரண்டு வரிக்குப் பின்னால் கிடந்த ஆவணங்களையும் நினைவுகளையும் தோண்டி எடுத்தது. தேர்தல் மேடைகளில் வரலாறு படும் பாட்டைப் பார்க்கும்போது, இந்த நூலை வாசித்த மாணவர்கள் கொடுத்துவைத்தவர்கள் என்றே தோன்றும்.

நிகழ்வு பற்றிய விரிவான தகவல் எங்கே இருக்கிறது? நீதிமன்றப் பதிவுகளில். அப்பதிவுகளில் மிகுதியாகப் பேசுவது யார்? மீர் ஷிகாரி என்ற அப்ரூவர். தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தன் கூட்டாளிகளைக் காட்டிக்கொடுத்தவர். குற்றத்தை மெய்ப்பிக்க என்ன தேவையோ அதை அரசுத் தரப்பு அவரிடம் கேட்டது, அவரும் சொன்னார். காவல் நிலையம் எரிவதற்குச் சில நாள் முன்பு, படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெற்று வந்த பகவான் அகிர் என்ற தொண்டரைப் போலீசார் அடித்ததும், அருகிலிருந்த சந்தையில் நடந்த மறியலும், குற்றம் என்ற ஒரே நோக்கில் எழுதப்பட்ட பதிவில் பின்னுக்குப் போய்விடுகின்றன. அமர்வு நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. அலகாபாத் உயர் நீதிமன்றம் 1923 ஏப்ரலில் அதை 19 ஆகக் குறைத்தது. அந்த 19 பேரும் அவ்வாண்டு ஜூலையில் தூக்கிலிடப்பட்டனர்.

சுமார் 70 ஆண்டுகளுக்குப் பிறகு அமீன் அந்த ஊர்களுக்கே சென்று, இறந்தவர்களின் குடும்பத்தாரிடம் பேசினார். அவர்கள் நினைவில் இருந்த காங்கிரஸ் தொண்டர் வெள்ளைக் கதர் அணிந்தவர் அல்லர். காவி உடுத்தி, வீடு வீடாகப் பிச்சை பெற்றுச் சென்றவர். ஆங்கிலத்தின் "வாலண்டியர்" அவர்கள் நாவில் "ஓட்டியர்" என்று திரிந்திருந்தது. இது நீதிமன்றப் பதிவிலும் இல்லை. காங்கிரசின் பதிவிலும் இல்லை. அதற்காகக் கிராமத்து நினைவு அப்படியே உண்மையாகிவிடுமா? அதுவும் இல்லை. 70 ஆண்டுகளில் நினைவும் தன்னைத் திருத்திக்கொள்கிறது. பதிவை நினைவாலும், நினைவைப் பதிவாலும் உரசிப் பார்ப்பதுதான் அந்த நூல் செய்யும் வேலை.

சௌரி சௌராவிலும் நினைவுச் சின்னங்கள் இரண்டு: இறந்த போலீசாருக்கு ஆங்கிலேயர் அமைத்தது ஒன்று, தூக்கிலிடப்பட்டவர்களுக்கு விடுதலைக்குப் பின் எழுந்தது மற்றொன்று. 2021-இல் நூற்றாண்டு விழா தொடங்கியபோது, ஒரு காலத்தில் கண்டனத்துக்குரிய வன்முறையாகப் பேசப்பட்ட நிகழ்வு தியாகமாகக் கொண்டாடப்பட்டது. தகவல் மாறவில்லை, அதைப் பேசுவோரின் தேவை மாறியது.

முந்நூறு ராமாயணங்கள்

வாசிக்கும் பயிற்சி எல்லோருக்கும் உவப்பாக இருக்கும் என்பதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பாடத்திட்டத்தில் ஏ.கே. ராமானுஜன் எழுதிய "முந்நூறு ராமாயணங்கள்" என்ற கட்டுரை இடம்பெற்றிருந்தது. மைசூரில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சிகாகோவில் பேராசிரியராக இருந்து, சங்கப் பாடல்களை ஆங்கில உலகுக்குக் கொண்டு சென்றவர் அவர். 2008 பிப்ரவரியில் அக்கட்டுரைக்கு எதிர்ப்புத் தெரிவித்த மாணவர் அமைப்பினர் வரலாற்றுத் துறைக்குள் புகுந்து பொருள்களைச் சேதப்படுத்தினர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வல்லுநர் குழு அமைக்கப்பட்டது. நால்வரில் மூவர் கட்டுரைக்கு ஆதரவாகவே கருத்துக் கூறினர். ஆயினும் 2011 அக்டோபரில் கல்விக் குழு அதைப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது.

அக்கட்டுரை செய்த குற்றம்தான் என்ன? வால்மீகியின் அகலிகையையும் கம்பனின் அகலிகையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதில் ஒரு பகுதி. வால்மீகியில் அவள் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல் சாம்பலில் கிடந்து தவம் செய்கிறாள், கம்பனில் கல்லாகிறாள், இராமனின் பாதத் துகள் பட்டு மீள்கிறாள். தமிழ் மேடைகளில் பட்டிமன்றப் பேச்சாளர்கள் பல்லாண்டுகளாகச் சொல்லிவரும் செய்தி இது. மேடையில் அதைக் கேட்டு யாரும் நாற்காலியை உடைத்ததில்லை. வரலாற்று மாணவன் அதற்கு மேல் ஒரு படி போகிறான். இரண்டு காப்பியங்களுக்கும் இடையில் என்ன நடந்தது? ஆழ்வார்களின் பக்தி இயக்கம் நடந்தது. அவதார புருஷனைப் பரம்பொருளாகவே பாடிய அந்த மரபு கம்பனின் கதையமைப்பிலும் புகுந்தது. இலக்கியம் இவ்வாறு காலத்தின் சான்றாகிறது. இந்த ஒப்பீட்டைப் படிக்கும் வாய்ப்பைத்தான் பின்வந்த மாணவர்கள் இழந்தார்கள்.

பாடநூல்களுக்கான சண்டை இதைவிடப் பழையது. ஜனதா ஆட்சியில் ஆர்.எஸ். சர்மாவின் பண்டைய இந்தியா குறித்த பள்ளிப் பாடநூல் 1978-இல் திரும்பப் பெறப்பட்டது. 2001-இல் பாடநூல்களிலிருந்து பகுதிகள் நீக்கப்பட்டன. 2005-க்குப் பின் புதிய நூல்கள் வந்தன. 2023-இல் பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய அத்தியாயம் போயிற்று. பாடச் சுமையைக் குறைக்கவே இது என்றது தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் கவுன்சில். இந்தப் பட்டியலின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அரசு நிறுவனங்களில் ஒரு சாராரே நெடுங்காலம் செல்வாக்குப் பெற்றிருந்தனர் என்பது அருண் ஷோரி 1998-இல் எழுதிய நூலின் குற்றச்சாட்டு. அதன் தொனி கடுமையானது. ஆனால் எல்லாவற்றையும் வெறும் அவதூறு என்று தள்ளிவிட இயலாது.

கீழடியைச் சுற்றிய சர்ச்சையையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2014-க்கும் 2016-க்கும் இடையே இந்தியத் தொல்லியல் துறை நடத்திய முதலிரு கட்ட அகழாய்வுகளின் 982 பக்க அறிக்கை 2023 ஜனவரியில் அளிக்கப்பட்டது. திருத்தங்கள் வேண்டும் என்று 2025 மே மாதம் துறை அதைத் திருப்பி அனுப்பியது. அகழாய்வை நடத்திய தொல்லியலாளர் தம் கால வரையறையில் உறுதியாக நின்றார். சென்னையிலும் தில்லியிலும் இது உரிமைப் போராகவே பேசப்பட்டது. வரலாறு பயின்றவன் கேட்கும் முதல் கேள்வி வேறு: மாதிரி எந்த மண்ணடுக்கில், எந்த ஆழத்தில் எடுக்கப்பட்டது? அந்த அடுக்குக்கும் எழுத்துப் பொறித்த ஓட்டுக்கும் உள்ள தொடர்பு என்ன? இக்கேள்விகள் கீழடிக்கு எதிரானவை அல்ல. அறிக்கை வெளிவந்தால்தான் அவற்றுக்கு எல்லோரும் பார்க்க விடை கிடைக்கும் என்பதால், அறிக்கையை நிறுத்தி வைப்பதற்கு எதிரான வலுவான வாதமும் இதுவே.

நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடு

வகுப்பறை என்ன தருகிறது என்பது, வகுப்பறைக்குள் யார், எப்படி வருகிறார்கள் என்பதையும் பொறுத்தது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இளநிலைச் சேர்க்கை 2022 முதல் பொது நுழைவுத் தேர்வின் வழியே நடைபெறுகிறது. அதற்கு முன் பள்ளி மதிப்பெண்தான் அளவுகோல்; 2011-இல் வணிகவியல் கல்லூரி ஒன்று 100 விழுக்காடு கேட்டு நாடெங்கும் பேசப்பட்ட கூத்தும் நடந்தது. பழைய முறை நன்றாயிருந்தது என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் புதிய தேர்வில் வரலாறு என்பது நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதவைத்து மாணவரைத் தேர்ந்தெடுத்த நுழைவுத் தேர்வும் 2019-இல் இதே வகைக்கு மாறியது. ஆசிரியர்கள் பலர் எதிர்த்தனர். பயிற்சி நிலையத்துக்குப் போக வசதியில்லாத, ஆனால் சொந்தமாகச் சிந்தித்து எழுதத் தெரிந்த சிற்றூர் மாணவனை அடையாளம் காண அந்தக் கட்டுரைத் தாள் உதவியது என்பது அவர்கள் கருத்து.

மொழி இன்னொரு தடை. தரமான ஆய்வு நூல்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. மாணவர்களில் பெரும் பகுதியினர் இந்தி வழியில் படித்து வருகின்றனர். பல்கலைக்கழகத்தின் இந்தி வழிக் கல்விச் செயலாக்க இயக்ககம் வெளியிட்ட மொழிபெயர்ப்புகள் ஓரளவு கைகொடுக்கின்றன. தமிழகத்திலிருந்து வரும் மாணவனுக்கு அந்த உதவியும் இல்லை. முதல் பருவத்தில் வாய் திறக்காத இம்மாணவர்களைப் பேச வைத்தது, சிறு குழுவாக அமர்ந்து தாம் எழுதிய கட்டுரையை ஆசிரியருடன் விவாதிக்கும் டுடோரியல் முறை. அக்குழுக்களின் அளவு பெருத்து வருகிறது என்பது ஆசிரியர்களின் தற்போதைய முறையீடு.

2022-இல் சேர்ந்தவர்களிலிருந்து நடைமுறைக்கு வந்த நான்காண்டுப் பட்டப்படிப்பின் முதல் அணி 2025-இல் நான்காம் ஆண்டை அடைந்தது. இளநிலை மாணவரும் ஆய்வேடு எழுதலாம் என்பது நல்ல வாய்ப்பு. வழிகாட்ட ஆசிரியரும் படிக்க ஆவணமும் இருந்தால்தான் அது ஆய்வேடாகும்.

ஆவணங்களுக்குத் தில்லியில் பஞ்சமில்லை என்று பொதுவாக நினைப்பதுண்டு. ஜன்பத்தில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. 1891-இல் கொல்கத்தாவில் தொடங்கிப் பின்னர் தலைநகருக்கு வந்தது. தீன்மூர்த்தி பவனில் தலைவர்களின் கடிதங்களும் சொந்தத் தாள்களும் இருக்கின்றன. நேரு நினைவு நூலகம் என்ற அதன் பெயர் 2023-இல் பிரதமர்கள் நூலகம் என்று மாறியது. 1857-இல் கிளர்ச்சியாளர் வசமிருந்த தில்லியின் அன்றாடத்தைக் காட்டும் ஏறத்தாழ 20,000 தாள்கள் ஜன்பத்தில் உள்ளன. பாரசீகத்திலும், கிறுக்கல் எழுத்திலான உருதுவிலும் அமைந்த அவற்றை வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்கள்.

விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவை ஆராய விரும்பும் மாணவனுக்குச் சிக்கல் வேறு மாதிரியானது. 1993-இன் பொது ஆவணங்கள் சட்டப்படி, நிரந்தரமாகக் காக்க வேண்டிய கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பின் அமைச்சகங்கள் காப்பகத்திடம் ஒப்படைக்க வேண்டும். 2022 டிசம்பரில் காப்பகத்தின் அப்போதைய தலைமை இயக்குநர் சந்தன் சின்ஹா பொது நிகழ்ச்சி ஒன்றில் வெளிப்படையாகவே கூறினார்: 151 அமைச்சகங்கள், துறைகளுள் 36-இன் ஆவணங்களே தம்மிடம் இருக்கின்றன, 1962, 1965, 1971 போர்கள் பற்றிய ஆவணங்கள் வந்து சேரவில்லை, பசுமைப் புரட்சியின் ஆவணங்களும் இல்லை. ஆவணத்தை நாட்டுக்கு வெளியே கொண்டு சென்றாலோ விதிகளுக்கு மாறாக அழித்தாலோ ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்கு அச்சட்டத்தில் இடமுண்டு. ஒப்படைக்காமல் அலமாரியிலேயே பூட்டி வைத்திருக்கும் அதிகாரிக்கு அது எந்தத் தண்டனையும் கூறவில்லை.